ரேகை விழாத விரல்கள்

களப்பணிக்கு வந்திருக்கும் மாணவி ஒருவர் தம் பதிவேட்டைக் காட்டினார். முதியோர் உதவித்தொகை கேட்டு வந்த பாட்டியைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது: ‘ரேகை விழவில்லை, ஓடிபி கிடைக்கவில்லை, நிலுவை.’ காலமெல்லாம் நாற்று நட்ட விரல்கள். ரேகை தேயாமல் என்ன செய்யும்?

வீட்டுக்குப் போய்ப் பார்த்துவரச் சொன்னோம். ஆதாரில் பதிந்திருந்த எண் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனுடையது. வீட்டுப் பங்குத் தகராறில் தாயும் மகனும் பேசி இரண்டு வருடம் ஆகிறது. இ-சேவை மையத்தில் தொழில்நுட்பக் கோளாறாகத் தெரிந்தது, வாசல்படி ஏறியதும் உறவு முறிவாகத் தெரிந்தது. மாணவி தம் செல்பேசியிலேயே இருவரையும் பேசவைத்தார். முதல் சில நிமிடங்கள் அழுகை மட்டும்தான்.

மும்பையில் 1936இலும் சென்னையில் 1952இலும் சமூகப்பணிக் கல்விக்கூடங்கள் தோன்றியபோது, பணியாளரின் கருவி கண்ணும் காதும்தான். இன்று இணையதளப் பதிவும் வாட்ஸ்அப் குழுவும் நம் நாளை நிறைக்கின்றன. அவற்றைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. ஆபத்திலிருக்கும் குழந்தைக்கு 1098 என்ற எண்ணும், மனம் உடைந்தவருக்கு 14416 என்ற எண்ணும் பேருதவி. விண்ணப்பம் எங்கே தடைப்பட்டது, யாரிடம் முறையிடலாம் என்பதை அறிவதும் இன்று நம் தொழில்திறனே. கல்லூரிகள் இதை முறையாகக் கற்பிக்க வேண்டும்.

ஆனால் பதிவுகளின் எண்ணிக்கையே பணியின் அளவுகோலாகும்போது, வீடு தேடிச் செல்லும் நேரம்தான் முதலில் பறிபோகிறது. இன்னோர் ஆபத்தும் உண்டு. போய்வந்ததற்குச் சான்றாகக் குழந்தையின் படத்தைக் குழுவில் போடுவது வழக்கமாகிவருகிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவு, குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதைத் தடுக்கிறது. மூடிய குழுதானே என்று சமாதானம் சொல்ல வேண்டாம். அங்கிருந்து ஒரு படம் எத்தனை கை மாறும் என்று யாருக்கும் தெரியாது. நம்மை நம்பி வாய்திறந்தவரின் ரகசியம் காப்பது நம் தொழிலின் உயிர்.

நிறுவனப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டுச் சந்திப்புக்கும் அதற்கான பயணத்துக்கும் பணிநேரம் ஒதுக்குங்கள். களத்தில் இருக்கும் நண்பர்களுக்கும் ஒன்று: ‘நிலுவை’ என்று எழுதுவதற்கு முன், ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய்வாருங்கள்.