களிமண்ணுக்கும் ஒரு பதம் உண்டு



வகுப்பில் நான் அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: "பதறாத காரியம் சிதறாது." பிள்ளைகளுக்குச் சொல்வது எளிது. அதை நானே மறந்து, பள்ளித் திடலைப் பாழாக்கிய கதையைத்தான் இந்த மாதம் சொல்லப் போகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உங்கள் வீட்டு வாசலிலோ கோயில் திடலிலோ அதே தவறு நடக்காமல் போனால் எனக்கு அது போதும்.

எங்கள் பள்ளி சிலாங்கூர் கரையோரத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கிறது. கோல லங்காட், கிள்ளான், சபாக் பெர்ணம் பக்கத்து வாசகர்களுக்கு அந்த மண்ணைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. கடல் சேர்த்து வைத்த சாம்பல் நிறக் களிமண் அது. மழையில் காலணியைப் பிடுங்கிக்கொள்ளும். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். ஒரு மழை பெய்தால் போதும், திடலின் நடுவில் குளம் கட்டிவிடும். பிள்ளைகள் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வகுப்புக்கு வருவார்கள்.

விளையாட்டுப் போட்டிக்கு முன் திடலைச் சமப்படுத்தப் பெற்றோர்கள் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். டிராக்டரும் அதன் பின்னால் மாட்டும் பாக்ஸ் பிளேடும் ஒரு சனிக்கிழமைக்குக் கிடைத்தன. வெள்ளிக்கிழமை இரவு நல்ல மழை. காலையில் வந்த டிராக்டர் ஓட்டுநர் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிசைந்து பார்த்தார்.

"வாத்தியாரே, மண்ணு இன்னும் பச்சையா இருக்கு. ஒரு வாரம் பொறுங்க, நானே கேட்டு வண்டிய எடுத்துட்டு வர்றேன்" என்றார்.

"இன்னிக்கு விட்டா வண்டி கிடைக்காதுண்ணே, ஓட்டுங்க" என்றேன்.

பெட்டிக்குள் போன மண் வெளியே வரவில்லை. களி கிண்டிய சட்டிபோல் அப்பிக்கொண்டது. சக்கரம் வழுக்கிய இடமெல்லாம் முழங்கால் பள்ளம். மாலையில் திடல், எருமை புரண்ட குட்டையாகிவிட்டது. போட்டியை வேறு திடலில் நடத்தினோம். மிகைநேர வேலை செய்த காசில் நன்கொடை தந்திருந்த ஒரு தாய், "முன்னாடியே நல்லா இருந்துச்சே சார்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஏன் இப்படி ஆயிற்று? களிமண்ணின் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்கைவிடச் சிறியது, தட்டையானது. தட்டுகளுக்கு நடுவே நீர் நின்றால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், இரும்பிலும் ஒட்டும். ஈரத்தில் சக்கரம் ஏறினால் மண்ணுக்குள் இருக்கும் காற்றுவழிகள் நசுங்கி அடைபட்டுவிடும். பிறகு நீர் கீழே இறங்காது. காய்ந்தால் செங்கல்தான்.

மண் எப்போது பதமாகிறது என்று அறிய ஒரு சோதனை உண்டு. ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஆல்பர்ட் அட்டர்பெர்க் 1911-இல் எழுதிய முறையிலிருந்து வந்தது அது. இன்றும் மண் ஆய்வுக் கூடங்களில் அதைச் செய்கிறார்கள். வீட்டில் நாம் இப்படிச் செய்யலாம்: இரண்டு, மூன்று அங்குல ஆழத்து மண்ணை எடுத்து முறுக்குக்கு உருட்டுவதுபோல் உருட்டுங்கள். 3 மில்லிமீட்டருக்கும் மெல்லிய திரியாக உடையாமல் நீண்டால், ஈரம் அதிகம்; வண்டியை இறக்காதீர்கள். அந்தக் கனம் வரும்போதே திரி உடைந்து உதிர்ந்தால், பதம் வந்துவிட்டது. உருட்டவே வராமல் கட்டியாக நின்றால், காய்ந்துவிட்டது என்று பொருள். ஓட்டுநர் அண்ணன் கையில் பிசைந்து பார்த்ததும் இதைத்தான். அவர் அட்டர்பெர்க்கைப் படித்ததில்லை. படித்த நான்தான் கேட்கவில்லை.

ஜூலையில் மழை குறைந்த ஒரு வாரத்தில் மீண்டும் தொடங்கினோம். இம்முறை எல்லாம் அவர் சொன்னபடி. முதலில் திடலின் தாழ்ந்த ஓரத்தில் கால்வாய் வெட்டி, தேங்கிய நீரை வடித்தோம். நீர் நிற்கும் பள்ளத்தில் ஈரக் களியைக் கொட்டி மூடினால் அது சேற்றுக்கு மேல் சேறு. நீர் போனபின் ஒரு வாரம் காயவிட்டோம். ஆறாம் ஆண்டு மாணவர்கள் கண்ணாடிபோன்ற ரப்பர் குழாயில் நீர் நிரப்பி மட்டம் பார்த்தார்கள். 50 அடிக்கு 1 அடி சரிவு என்று முடிவு செய்து முளையடித்துக் கயிறு கட்டினோம். அன்று கணக்குப் பாடம் திடலிலேயே முடிந்தது!

பாக்ஸ் பிளேடு என்பது அடியும் முன்புறமும் திறந்த இரும்புப் பெட்டி. முன்னால் மண்ணைக் கீறும் பற்கள், பின்னால் வழிக்கும் தகடுகள். டிராக்டரோடு அதை இணைக்கும் மேல் கம்பியைக் குறுக்கினால் பெட்டி முன்பக்கம் சாய்ந்து ஆழமாக வெட்டும். நீட்டினால் பின்தகடு தரையில் படிந்து மண்ணைத் தடவிவிடும். அண்ணன் முதலில் பற்களால் மேலாகக் கீறினார். பிறகு ஓர் அங்குலம், ஓர் அங்குலமாகத்தான் வழித்தார். பெட்டி பாதி நிரம்பியதும் மேட்டு மண்ணைப் பள்ளத்துக்குக் கொண்டுபோய் மெல்லிய அடுக்காகப் பரப்பி, சக்கரத்தால் மிதித்து, அதன்மேல் அடுத்த அடுக்கு. கடைசியில் மேல் கம்பியை நீட்டி ஒரு தடவல்.

பெட்டியில் ஒட்டிய மண்ணைச் சுரண்ட வேண்டுமென்றால் பெட்டியைத் தரையில் இறக்கி, எந்திரத்தை நிறுத்திய பிறகுதான் அவர் மண்வெட்டியைத் தொட்டார். வேலை முடியும்வரை எந்தப் பிள்ளையும் கயிற்றைத் தாண்டக் கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம்.

முடிந்த கையோடு புல் பதித்தோம். வேர் பிடிக்கும்வரை யாரையும் மிதிக்க விடவில்லை. அக்டோபரில் பெருமழை கொட்டியது. மறுநாள் காலை நீர் முழுவதும் கால்வாயில் ஓடியிருந்தது. பிள்ளைகள் காலணியோடு வந்தார்கள்.

வாசகர்களே, மண்ணைச் சமப்படுத்தப் பெரிய வண்டி வேண்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம். அந்தச் சனிக்கிழமை வந்ததும் ஜூலையில் வந்ததும் ஒரே வண்டிதான், ஓட்டியவரும் ஒருவரே. இடையில் மாறியது மண்ணின் பதம் மட்டுமே. உங்கள் தோட்டத்திலும் மண்ணைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும் ஒரு பெரியவர் இருப்பார். வண்டியை வரவழைக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.