ஒரு வேளையேனும் தில்லி உணவு

தமிழகத்திலிருந்து தில்லிக்குச் சுற்றுலா செல்வோர் பலர், ஊர் பார்க்கும் திட்டத்தை மிகுந்த கவனத்துடன் வகுக்கின்றனர். செங்கோட்டைக்கு இத்தனை மணி, குதுப்மினாருக்கு இத்தனை மணி, மறுநாள் ஆக்ரா என்று நேரத்தைப் பிரித்துக்கொள்கின்றனர். உணவு என்று வரும்போது மட்டும், இட்லியும் சாம்பாரும் எங்கே கிடைக்கும் என்ற கேள்வியோடு தேடல் முடிந்துவிடுகிறது. தமிழ்ச் சமையற்காரரை உடன் அழைத்துச் செல்வதையே சில சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் தம் சிறப்பாக விளம்பரம் செய்கின்றனர். பழகிய உணவை நாடுவது குற்றமன்று. நீரிழிவு உள்ள முதியோரையும் சிறு குழந்தைகளையும் அழைத்துச் செல்வோருக்கு அது தேவையும்கூட. எனினும், நாளுக்கு ஒரு வேளையேனும் அவ்வூர் உணவை உண்ணாமல் திரும்புவோர் தில்லியைப் பாதியே பார்த்தவராவர் என்பது நம் கருத்து.

கோட்டைகளும் கல்லறை மாடங்களும் அரசர்களின் வரலாற்றைச் சொல்கின்றன. பிழைப்புத் தேடியும் உயிர் காத்துக்கொள்ளவும் அந்நகருக்கு வந்து சேர்ந்த எளிய மக்களின் வரலாற்றை அதன் உணவுக் கடைகளில்தான் காண இயலும். ஜும்மா மசூதியை அடுத்த சந்தொன்றில் 1913ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கரீம்ஸ் உணவகம் இன்றும் இயங்குகிறது. அப்பகுதியில் பெயர்பெற்ற ‘நிஹாரி’ என்னும் இறைச்சிக் குழம்பு, இரவு முழுவதும் மெல்லிய தீயில் வெந்து, விடியற்காலையில் பரிமாறப்படுவது. அதன் பெயரே பகற்பொழுதைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது.

1947ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது பெஷாவரிலிருந்து வந்த அகதிகள் தரியாகஞ்சில் மோத்தி மஹால் உணவகத்தைத் திறந்தனர். தந்தூர் அடுப்பில் சுட்ட கோழி நாடெங்கும் பரவியதில் அவ்வுணவகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று நம் மாவட்டத் தலைநகர்களில் மாலை வேளையில் மணக்கும் தந்தூரிக் கோழிக்குப் பின்னால், வீட்டையும் நிலத்தையும் விட்டுவந்தவர்களின் உழைப்பு இருக்கிறது. பிரிவினை அகதிகள் குடியேறிய லாஜ்பத் நகரில், பிற்காலத்தில் போரினால் ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறியோரும் வந்து தங்கினர். அங்கே பாரசீக எழுத்தில் பெயர்ப்பலகை தாங்கிய ரொட்டிக் கடைகளையும், கேரட்டும் உலர்திராட்சையும் தூவிய காபூலி புலாவையும் காணலாம். யமுனைக் கரையில் உள்ள மஜ்னு கா டில்லா, திபெத்திய அகதிகளின் குடியிருப்பு. மோமோ, துக்பா எனும் நூடுல்ஸ் சூப், ஆவியில் வேகவைத்த டிங்மோ ரொட்டி ஆகியவற்றை அங்கே அவர்கள் கையாலேயே உண்ணலாம். காபூலுக்கும் லாசாவுக்கும் செல்ல இயலாத நமக்கு, ஒரு மெட்ரோ பயணத்தில் அவ்வூர்களின் உணவு கிடைக்கிறது.

இது நமக்குப் புதிய செய்தியன்று. 1960களில் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய தமிழர்கள் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதியில் அத்தோ கடைகளை வைத்தனர். நூடுல்ஸுடன் முட்டைக்கோசும் வறுத்த வெங்காயமும் புளிநீரும் கலந்த அப்பண்டத்தை அன்று சென்னைவாசிகள் துணிந்து உண்டிராவிட்டால், அக்குடும்பங்கள் பல காலூன்றியிரா. இவ்வாறு தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்கெனவே 1969இல் ரெப்கோ வங்கி தோற்றுவிக்கப்பட்டது. அனைத்தையும் இழந்து வருவோரிடம் எஞ்சும் முதல், பெரும்பாலும் சமையற்கைப்பக்குவம்தான். அம்முதலுக்கு வாடிக்கையாளரும் கடனும் சேர்ந்தால்தான் அது தொழிலாகும்.

வங்கிப் பணியில் இருக்கும் நாம் இதனைக் கூடுதலாக உணர்கிறோம். 2014ஆம் ஆண்டுச் சட்டம் தெருவோர வணிகர்களின் வாழ்வாதாரத்துக்குப் பாதுகாப்பு அளித்தது. 2020 ஜூன் மாதம் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டம், பிணை ஏதுமின்றி முதலில் 10,000 ரூபாய் வரை நடைமுறை மூலதனக் கடன் வழங்க வழிசெய்தது. தவணை தவறாது செலுத்துவோர் அடுத்து அதனினும் கூடிய தொகையைப் பெறலாம்; மின்னணு முறையில் பணம் பெறுவோருக்கு ஊக்கத்தொகையும் உண்டு. ஆகவே, ஒரு தட்டு சோலே பட்டூரேக்கு யுபிஐ வழியாக நாம் செலுத்தும் சிறுதொகை, அவ்வணிகரின் கணக்கில் அவர் தொழிலுக்குச் சான்றாகப் பதிவாகிறது. பெரிய விடுதியில் நாம் செலவிடும் ஆயிரத்தைவிட, தள்ளுவண்டியில் செலவிடும் நூறு ஒரு குடும்பத்துக்கு நேரடியாகப் பயன்படுகிறது.

வெளியூரில் வயிறு கெட்டால் பயணமே கெடும் என்னும் அச்சம் நியாயமானதே. அதற்கு மருந்து விலகி நிற்பதன்று, தேர்ந்து உண்பதேயாகும். கூட்டம் நிற்கும் கடையில், கண்ணெதிரே சூடாகச் சமைப்பதை உண்ணலாம். நறுக்கி வைத்த பழம், திறந்து வைத்த சட்னி, நம்பகமற்ற நீரும் பனிக்கட்டியும் ஆகியவற்றைத் தவிர்க்கலாம். முதல் நாளிலேயே பலவற்றை உண்ணாமல், ஒன்றைச் சிறிதளவு உண்டு பார்க்கலாம்.

சைவ உணவினருக்கு அங்கே என்ன கிடைக்கும் என்று கேட்போரும் உளர். சாந்தினி சவுக்கின் பராட்டா சந்தில் வெங்காயம், பூண்டு இன்றியே பராட்டா செய்யும் மரபு உண்டு. உருளைக்கிழங்குக் குழம்புடன் பரிமாறும் பேட்மி பூரியும் காய்கறி மோமோவும் தாராளமாகக் கிடைக்கின்றன. குளிர்காலத்தில் சென்றால், பால்நுரையைக் கொண்டு செய்யும் ‘தௌலத் கி சாட்’ என்னும் இனிப்பைத் தவறவிடலாகாது; வெயிற்காலத்தில் அது கிடைப்பதில்லை.

பணம் செலுத்துகையில் கைப்பேசித் திரையில் தோன்றும் பெயரைக் கடைக்காரரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்க. ரகசிய எண் பணம் செலுத்துவதற்கே. பணம் பெறுவதற்கு அது ஒருபோதும் தேவையில்லை. சிறு நோட்டுகள் சிலவும் கையில் இருப்பது நலம்.

அடுத்த முறை தில்லிப் பயணத் திட்டத்தை எழுதும்போது, செங்கோட்டைக்கு அடுத்த வரியில் ஓர் உணவுக் கடையின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். மெட்ரோவின் ஊதா வழித்தடம் ஜும்மா மசூதிக்கும் லாஜ்பத் நகருக்கும் அழைத்துச் செல்லும். மஞ்சள் வழித்தடத்தில் சாந்தினி சவுக் உள்ளது. அதே தடத்தின் விதான் சபா நிலையத்தில் இறங்கினால் மஜ்னு கா டில்லா அருகில்தான். உண்டு முடித்ததும், பரிமாறியவரிடம் அவருக்கு எந்த ஊர் என்று ஒரு சொல் கேளுங்கள். வழிகாட்டி நூல்களில் இல்லாத தில்லி வரலாறு அந்த விடையில் கிடைக்கக்கூடும்.