தலையிடி தொடர்ந்தால்…

தலையிடி வராத வீடு உண்டா? அட்டாளைச்சேனையில் வயலுக்குச் சோறு கட்டிக் கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி நிமிரும்போது தலை இடிக்கும். இரண்டு பெனடோலுடன் வேலை தொடரும். அநேகமான தலையிடிகள் அப்படியே தீர்ந்தும் விடும்.

ஆனால் விடியற்காலையில் கூடி வாந்தியுடன் வரும் தலையிடி, நாளுக்கு நாள் வளரும் தலையிடி, முன்பு வராத வலிப்பு, ஒரு பக்கக் கைகால் தளர்வு, பார்வை மங்கல், சுபாவ மாற்றம் ஆகியவற்றைக் கண்ணூறு என்று விட்டுவிடாதீர்கள். ஓதிப் பாருங்கள், தாமதமின்றி வைத்தியரிடமும் காட்டுங்கள்.

மூளையின் உறையில் உண்டாகும் 'மெனிஞ்சியோமா' என்ற கட்டி, ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் இரு மடங்கு அதிகம். பெரும்பாலும் இது புற்றுநோயல்ல. ஆண்டுக்கணக்கில் மெதுவாக வளர்வதால் பிந்தியே தெரியவரும்.

சாதாரண எக்ஸ்ரேயில் மண்டையோடுதான் தெரியும். சி.டி. ஸ்கேன் தலையைச் சுற்றிவந்து படமெடுக்க, கணினி அவற்றைச் சேர்த்து, பாணைத் துண்டு துண்டாக வெட்டியதுபோல உள்ளே காட்டும். மெனிஞ்சியோமா என்றால் உறையோடு ஒட்டிய கட்டி தெரியும். சிலருக்கு அதில் சுண்ணாம்புப் படிவும் அருகில் தடித்த எலும்பும் தெரியும். நரம்பில் சாயமருந்து ஏற்றினால் கட்டி பளிச்சென்று வெளுக்கும். நுணுக்கமாகப் பார்க்க எம்.ஆர்.ஐ. உதவும். கட்டியின் வகையை உறுதிசெய்வது திசுப் பரிசோதனையே.

1971 அக்டோபர் 1ஆம் திகதி லண்டனில் அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் முதன்முதலாக இந்த ஸ்கேன் எடுக்கப்பட்டவரும் மூளைக்கட்டி இருக்கலாம் எனச் சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்தான். மண்டையைத் திறக்கும் முன்பே கட்டி இருக்குமிடம் படத்தில் தெரிந்தது. கருவியை உருவாக்கிய பொறியியலாளர் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு 1979இல் நோபல் பரிசு கிடைத்தது; அதைப் பகிர்ந்துகொண்டவர் கோர்மக்.

முதலில் ஊர் வைத்தியசாலையில் காட்டுங்கள். தேவையென்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை போன்ற வசதியுள்ள இடத்துக்கு அனுப்புவார்கள். வலிப்பு வந்தாலோ, திடீரெனத் தாங்க முடியாத தலையிடி வந்தாலோ உடனே கொண்டு செல்லுங்கள்.

ஸ்கேனுக்குப் போகுமுன் தோடு, கிளிப், ஊசிகளைக் கழற்றிவிடுங்கள். முக்காட்டை எடுக்கச் சொன்னால், பெண் தாதி ஒருவர் உடனிருக்கக் கேளுங்கள். கர்ப்பம் என்ற சந்தேகம் இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சிறுநீரக நோய், முன்பு மருந்து ஒவ்வாமை, நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் குடிப்பது ஆகியவற்றையும் சாயமருந்து ஏற்றுமுன் கூறுங்கள்.

"என்ன சொல்வார்களோ" என்ற பயத்தில் பின்வாங்காதீர்கள். கட்டி இல்லையென்றால் மனம் ஆறும். இருந்தால், பார்வையும் கைகாலும் பழுதாகுமுன் சிகிச்சை தொடங்கலாம்.