குறுகியது இருக்கையே, குற்றவாளி நீங்கள் அல்லர்

மேல்மலையனூர்ப் பகுதியிலிருந்து என்னிடம் சிகிச்சைக்கு வரும் ஓர் அம்மையார், சிங்கப்பூரிலுள்ள மகள் அனுப்பிய விமானச் சீட்டைத் திருப்பிவிட்டதாகச் சென்ற ஆண்டு கூறினார். மகளுக்குத் தலைப்பிரசவம். அம்மையாருக்கு நீரிழிவும் முழங்கால் வலியும் உண்டு. ஆயினும் அவர் தயங்கியது அவற்றால் அன்று. “பெல்ட்டு எட்டலேன்னா எல்லார் எதிர்லயும் கேக்கணுமே சார். பக்கத்துல உக்கார்றவங்க முகம் சுளிப்பாங்களே” என்றார். அதற்கு நான், “முதலில் எடையைக் குறையுங்கள் அம்மா, பிறகு போகலாம்” என்றேன். எடை குறையப் பல மாதங்கள் ஆகும், பிரசவம் காத்திருக்குமா? பேரன் பிறந்ததை அவர் கைப்பேசித் திரையில்தான் பார்த்தார்.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

விமானத்தின் சாதாரண வகுப்பு இருக்கை பெரும்பாலும் 17 அல்லது 18 அங்குல அகலமே உடையது. பருத்த உடலினர் அதில் நெருக்கமாக உணர்வது இயல்பு. அமாவாசை இரவில் அங்காளம்மன் கோயிலுக்கு வரும் சிறப்புப் பேருந்தில் எத்தனை நெரிசல் இருந்தாலும், “கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா” என்றால் இடம் பிறந்துவிடும். விமானத்தில் தள்ளி உட்கார இடமில்லை. ஆகவே வேண்டியதை முன்னரே கேட்டுப் பெறவேண்டும்.

பட்டை எட்டாதவர்களுக்கென நீட்டிப்புப் பட்டை விமானத்திலேயே இருக்கும். ஏறும்போது வாயிலில் நிற்கும் பணிப்பெண்ணிடம் மெல்லச் சொன்னால் போதும். இருக்கைக்கே கொண்டுவந்து தருவார். அவருக்கு இது அன்றாடப் பணி. நடைபாதையை ஒட்டிய இருக்கையைத் தேர்ந்தெடுங்கள். எழுந்து நடக்க எளிது. முதல் வரிசையில் கால் நீட்ட இடமிருந்தாலும், உணவுத் தட்டு கைப்பிடிக்குள் மடிக்கப்பட்டிருப்பதால் அக்கைப்பிடியை உயர்த்த இயலாது; இடுப்புக்கு அது இன்னும் நெருக்கமாகும். நீட்டிப்புப் பட்டை தேவைப்படுவோரை அவசர வழி வரிசையில் பொதுவாக அமர்த்துவதில்லை. முழங்கால் வலியுள்ளோர் சக்கர நாற்காலி உதவியைப் பயணத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே பதிவு செய்வது நல்லது.

மருத்துவர் என்ற முறையில் எனக்குள்ள பெரிய கவலை வேறொன்று. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாது அமர்ந்திருந்தால், காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் தெரிவித்தது. மொத்தத்தில் அது ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு நேரும் அளவே. எனினும் உடற்பருமன் உள்ளவர்களுக்கு வாய்ப்பு மேலும் கூடும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். நம் ஊரிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாக விமான நிலையம் செல்லும் நேரத்தையும் அதனுடன் கூட்டிக்கொள்ளுங்கள். பேருந்தானாலும் காரானாலும் கால்களுக்கு வேறுபாடு தெரியாது.

கூச்சம் உடலைத் தாக்குவது இங்கேதான். பக்கத்திலிருப்பவரை எழுப்பக் கூசி நடக்காமல் இருக்கிறார்கள். குறுகிய கழிவறைக்கு அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். சிலர் நீர் பிரியும் மாத்திரையையும் தாமே நிறுத்திவிடுகிறார்கள். மூன்றும் கூடாதவை. மணிக்கொரு முறை எழுந்து நடங்கள். இயலாதபோது பாதங்களை மேலும் கீழும் அசைத்துக் கெண்டைக்காலை இறுக்கித் தளர்த்துங்கள். ஆஸ்பிரினோ இறுக்கமான காலுறையோ மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். இன்சுலினையும் மருந்துகளையும் கைப்பையிலேயே வையுங்கள். உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவோர் தூக்க மாத்திரையையும் மதுவையும் தவிர்க்கவேண்டும். பயணம் முடிந்த சில வாரங்களுக்குள் ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் தாமதியாமல் 108ஐ அழையுங்கள்.

பயணிகள் மட்டுமே மாறவேண்டும் என்பது நியாயமாகாது. கனடாவின் போக்குவரத்து முகமை 2008 ஜனவரியில், உடற்பருமனால் இயக்கக் குறைபாடு உடையோருக்கு இரண்டாம் இருக்கை தேவைப்பட்டால், உள்நாட்டுப் பயணங்களில் அதற்குத் தனிக் கட்டணம் வாங்கலாகாது என்று அந்நாட்டின் பெரிய விமான நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. அதே ஆண்டு நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நிறுவனங்களின் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. நம் நாட்டிலும் அத்தகைய விதி வரவேண்டும். அதுவரை, சீட்டு வாங்கும்போதே இருக்கையின் அகலத்தைத் தெரிவித்து, நீட்டிப்புப் பட்டை வேண்டுமா என்று கேட்கவாவது செய்யலாம். அதற்குப் பெரிய செலவில்லை.

எடையைக் குறைப்பது நன்று. அதற்கும் துணை நிற்போம். ஆனால் மகளின் பிரசவத்தையும் மகனின் திருமணத்தையும் எடை குறையும் நாள்வரை ஒத்திவைக்கச் சொல்ல எந்த மருத்துவருக்கும் உரிமையில்லை. அந்த அம்மையார் பேரனின் முதல் பிறந்தநாளுக்குச் சிங்கப்பூர் சென்றுவந்தார். நீட்டிப்புப் பட்டையைக் கேட்டாரா என்றேன். “கேட்டேன் சார், ஒரு நிமிஷம்கூட ஆகலை” என்றார்.

உங்களுக்கும் பயணம் இருந்தால் இரண்டு வாரங்களுக்கு முன்பே வாருங்கள். இம்முறை நான் முதலில் கேட்கப்போவது உங்கள் எடையை அன்று. எங்கே போகிறீர்கள், யாரைக் காணப் போகிறீர்கள் என்பதையே.