நாற்காலி மாறினால் துடைப்பம் கைமாறுமா?

தோழர்களே, 1975 முதல் ஆண்களே தலைமை வகித்த ஐ.நா. சுற்றுலா அமைப்புக்கு 2026 ஜனவரியில் முதல் பெண் தலைமைச் செயலர் வந்திருக்கிறார்: ஷைகா அல் நுவைஸ். வரவேற்போம். ஆனால் மாட்ரிட்டில் நாற்காலி மாறினால், திருச்சி அம்மா மண்டபப் படித்துறையில் துடைப்பம் கைமாறுமா?

திருவரங்கம் கோயில் புனரமைப்புக்கு 2017இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. கோபுரத்துக்குப் பெருமை சேர்ந்தது. வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் கலைந்தபின் குப்பை அள்ளும் கைகள் யாருடையவை? பெரும்பாலும் நம்முடையவை.

அந்த அமைப்பின் 1999ஆம் ஆண்டு நெறிமுறையில் 9ஆம் பிரிவு சுற்றுலாத் தொழிலாளர் உரிமையைப் பேசுகிறது. விடுதி ஊழியர் அதில் உண்டு. தூய்மைப் பணியாளர் உண்டா? ஒப்பந்தக் கூலிமுறை ஒழியட்டும். பணி நிரந்தரமாகட்டும். விழாத் திட்டக் கூட்டத்தில் அவர்களுக்கும் நாற்காலி போடுங்கள். அதுவரை ‘நிலைத்த சுற்றுலா’வில் நிலைத்திருப்பது சாதி மட்டுமே.