பாட்டிக்கும் எனக்கும் ஒரே அளவா?

ரங்கநாதன் தெருவுல 200 ரூபாய் சட்டைக்கே தோள் அளவு, கழுத்து அளவு பார்க்கிறோம். லேப் ரிப்போர்ட்னு வந்துட்டா மட்டும் பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே அளவு!

மயிலாப்பூர்ல என் பாட்டிக்கு 81 வயசு. மூணு மாச சராசரி சர்க்கரை, அதாங்க எச்பிஏ1சி, 7.6 வந்ததும் வீடே அலறிச்சு. மாத்திரை கூடுச்சு, சாதம் குறைஞ்சுது. ஒரு விடியற்காலை சர்க்கரை ரொம்ப இறங்கி, பாத்ரூம்ல மயங்கி விழுந்தாங்க. அடுத்த ரிப்போர்ட் நல்லாத்தான் இருந்தது. பாட்டிதான் நல்லா இல்லை.

இது எங்க வீட்டுக் கதை மட்டுமில்லை. அமெரிக்கா, கனடாவுல நடந்த அக்கார்ட் ஆய்வுல பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளை ரெண்டு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு இலக்கு 6-க்குக் கீழே. இன்னொண்ணுக்கு 7 முதல் 7.9. 2008-ல கணக்குப் பார்த்தா முதல் குழுவுல 257 சாவு, அடுத்ததுல 203. கடும் இலக்கை அத்தோட நிறுத்திட்டாங்க. உடம்பு தளர்ந்த முதியவங்களுக்கு 8 வரைக்கும் விடலாம்னு அமெரிக்க நீரிழிவு சங்கமே சொல்லுது.

அதுக்காக எல்லாருக்கும் சலுகைன்னு நினைச்சுடாதீங்க. உயரத்துக்கேத்த எடையைச் சொல்ற பிஎம்ஐ, உலகக் கணக்குல 25-ஐத் தொட்டாத்தான் எடை அதிகம். நமக்கு ஒல்லியா இருந்தாலே வயித்துல கொழுப்பு சேர்ந்து சர்க்கரை வருதுன்னு, 2009-ல இந்திய மருத்துவர்கள் அதை 23 ஆக்கினாங்க. என்னோடது 24. அங்கே பாஸ், இங்கே ஃபெயில்!

ரிப்போர்ட்ல தடிச்ச எழுத்தைப் பார்த்ததும் பதறாதீங்க. "இவங்க வயசுக்கு, இவங்க உடம்புக்கு எவ்வளவு இருக்கணும் டாக்டர்?"னு கேளுங்க. நாங்க கேட்காம விட்ட கேள்வி அது.