வாடும் கணக்கு

“ஸ்டேஜுக்கு மட்டும் அறுபது” என்று சொல்லிவிட்டு, அலங்காரக்காரர் தன் செல்போனை அண்ணன் கையில் கொடுத்தார். அறுபது என்றால் அறுபதாயிரம். அண்ணன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படம் படமாகத் தள்ளிப் பார்த்தான். ஒரு பெரிய வளையம், அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் இலை, நடுவே விளக்கெழுத்தில் பெண், மாப்பிள்ளை பெயர். முப்பது படமாவது இருக்கும், பெயர்கள்தான் மாறின. வாசலுக்குத் தனி ரேட், சாப்பாட்டுக் கூடத்துக்குத் தனி, நிஜப்பூ வேண்டுமென்றால் அதற்கும் மேலே. “பாத்துச் சொல்லுதேன்” என்றான் அண்ணன். எங்கள் குடும்பத்தில் அதற்கு ‘வேண்டாம்’ என்று பொருள்.

அன்று ராத்திரி அண்ணன் மகள் எனக்குப் போன் செய்தாள். “நாமளே செஞ்சிருவோம் அத்தை.” கல்யாணப் பெண்ணே அவள்தான். ஆவணியில் முகூர்த்தம், அப்போது ஆனி பாதி. சென்னையில் உட்கார்ந்துகொண்டு “ஜோரா செய்யலாம்ட்டி” என்று சொல்ல எனக்கு என்ன செலவு?

ஆடியில் ஊருக்குப் போனபோது வேலை தொடங்கியிருந்தது. வள்ளியூர்ப் பக்கம் எங்கள் ஊர். பட்டாசல் முழுக்கக் காகிதப் பூ. ஃபோம் ஷீட், கிரேப் பேப்பர், சாட்டின் ரிப்பன், முத்துச்சரம், பசைத் துப்பாக்கி என்று வாங்கிப்போட்டதில் ரூ.7,800 ஆகியிருந்தது. இரண்டு வாரத்தில் நாற்பது பூ. அழகாகத்தான் இருந்தன, பொய் சொல்லக் கூடாது. பெண்ணின் வலது கையில் இரண்டு விரல் பசை பட்டு வெந்திருந்தது. மதினி பள்ளிக்கூடப் படிப்பை எட்டோடு நிறுத்தியவள், ஆனால் கணக்கில் புலி. “ஒரு பூ நூத்தித் தொண்ணூத்தஞ்சு ரூவா. இந்த வெலைக்கு மூணு கிலோ கேந்தி வாங்கலாம்” என்றாள். சென்னையில் செண்டுமல்லி என்பார்களே, அதுதான் எங்களுக்குக் கேந்தி.

அந்தக் கணக்கைவிடப் பெரிய இடி மறுநாள். நாற்பது பூவையும் அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போய் மேடைச் சுவரோரம் பிடித்துப் பார்த்தோம். மேடை முப்பதடி அகலம். வாசலில் நின்று பார்த்த அண்ணன், “சொவத்துல என்னமோ ஒட்டியிருக்காப்ல இருக்கு” என்றான். பெண் ஆட்டோவில் வீடு வரும்வரை பேசவில்லை.

கைவேலையைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த அளவுக் கணக்கைச் சொல்வதில்லை. வீட்டுக்குள் பெரிதாகத் தெரிகிற பொருள் கல்யாண மண்டபத்தில் கடுகாகிவிடும். மேடை என்பது தூரத்திலிருந்து பார்க்கிற இடம். அங்கே நுணுக்கம் வீண். நுணுக்கமான வேலையை ஆள் கிட்டத்தில் வந்து நிற்கிற இடங்களில் வைக்க வேண்டும்: வாசல் நிலை, சந்தனம் குங்குமம் வைத்திருக்கும் மேசை, தாம்பூலத் தட்டு, கை கழுவப் போகும் வழி. எங்கள் நாற்பது பூவும் கடைசியில் வரவேற்பு மேசைக்குப் போயின. அங்கே நின்று தொட்டுப் பார்க்காத பெண்கள் இல்லை.

சரி, மேடைக்கு? பெரியப்பாதான் வழி சொன்னார். அவருக்கு எழுபத்தாறு வயது. தென்னங்குருத்தில் கிளி முடைவார், கிலுக்கு முடைவார், வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு பேசுவார். “எது எப்ப வாடும்னு மொதல்ல எழுது. வாடாதத இப்பச் செய்யி. வாடுறத கடசி ராத்திரிக்கு வையி. எல்லாத்தையும் கடசி ராத்திரிக்கு வச்சா நீங்கள்லாம் வாடிருவிய.” நோட்டில் எழுதிப் பார்த்தோம். அதுவரை ரூபாய்க் கணக்கு மட்டும் எழுதியிருந்த நோட்டு அது.

வாடாதது எங்கள் பக்கத்தில் ஒன்றுதான்: பனை. ஓலை காயும், நிறம் மாறும், ஆனால் சுருண்டு விழாது. பதநீர்க் காலம் முடிந்துகொண்டிருந்த நேரம். பனையேறி அண்ணாச்சியிடம் கேட்டோம். முழு ஓலை, விசிறி மாதிரி விரிந்தது, நாற்பது வேண்டும். “கூரைக்கா?” என்றார். கல்யாண மேடைக்கு என்றதும் சிரித்தார். மறுநாள் இறக்கிப் போட்டுவிட்டார். ஓலைக்குக் காசு வாங்கவில்லை. ஏறி இறங்கிய கூலி மட்டும். மட்டையின் இரண்டு ஓரமும் கருக்கு, ரம்பப் பல். அதைச் செதுக்காமல் தொட்டால் உள்ளங்கை கிழியும், அண்ணனுக்குக் கிழிந்தது. ஓலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டட்டியில், அதாவது மொட்டைமாடியில், அடுக்கி, மேலே பழைய கதவும் அம்மிக்கல்லும் ஏற்றி பதினைந்து நாள் விட்டோம். தட்டையாகக் காய்ந்து, வெளிர் மஞ்சளும் பச்சையுமாக வந்தது. நுனிகளைக் கத்தரித்து வட்டமாக்கினோம். ஓர் ஓலையே மூன்றடி, நாலடி அகலம். நாற்பதில் முப்பதடி மேடை நிறைந்து, நாலு மிச்சம். பனை தமிழ்நாட்டின் மாநில மரம் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம்; அதன் ஓலை இவ்வளவு பெரிது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

தாம்பூலம் வைக்க ஓலைக் கொட்டான் செய்யலாம் என்று எனக்கு ஆசை. மணப்பாட்டுப் பக்கம் சாயம் போட்ட ஓலையில் செய்வதைப் பார்த்திருக்கிறேன். நானே ஒன்று முடைந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. நானூறு வேண்டும். மதினி என் முகத்தைப் பார்த்துவிட்டு, தைக்கிற பிள்ளையிடம் மஞ்சள் துணிப்பைக்குச் சொல்லிவிட்டாள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பதினான்கு பிளாஸ்டிக் பொருட்களில், கல்யாணத்துக்குக் கொடுக்கும் துணி மாதிரியான அந்த நெய்யாத பையும் உண்டு, பிளாஸ்டிக் கொடியும் உண்டு. ஆகவே, மஞ்சப்பையில் எங்களுக்கு லட்சியம் ஒன்றும் இல்லை. கையில் கிடைத்தது அதுதான்.

கொடி என்றதும் பெரியப்பா தன் கல்யாணத்தைச் சொல்ல ஆரம்பித்தார். மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து, கலர் பேப்பரை முக்கோணமாக வெட்டிச் சணலில் ஒட்டித் தெரு முழுக்கக் கட்டினார்களாம். “அப்பல்லாம் ஏது டெக்கரேசன்காரன்? ஊரே கூடிச் செஞ்சிச்சு. ஒத்தப் பைசா கூலி கெடையாது.”

எனக்கு இந்த இடத்தில் எப்போதும் ஒரு முள் குத்தும். பந்தலுக்குள் மேற்கட்டி என்று வெள்ளை வேட்டி சேலைகளை விரித்துக் கட்டியது யார்? சலவைத் தொழிலாளர் குடும்பம். வாழைமரம் வெட்டிச் சுமந்து வந்தது யார்? குழி தோண்டிப் பந்தக்கால் நட்டது யார்? கூலி நெல்லாகப் போனது, வேட்டியாகப் போனது, மிஞ்சின சோறாகப் போனது. நோட்டில் ஏறவில்லை என்பதால் இலவசம் ஆகிவிடாது. இதை நான் சொன்னபோது பெரியப்பா கோபித்துக்கொள்ளவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, “அதுவுஞ் சரிதான்” என்றார். மறுநாள் காலையில் அவரே நோட்டை வாங்கி, ஓலை நறுக்க வந்த இரண்டு பையன்களுக்கும் ஆளுக்கு ரூ.600 என்று எழுதினார். அதற்குமுன் அவர்களுக்கு டீயும் வடையும் என்றுதான் இருந்தது.

கடைசி வாரம் வந்தது. ஆவணி முகூர்த்தத்தில் ஒரு சிக்கல் உண்டு, நாங்கள் மறந்துபோனது. ஓணம். தோவாளைச் சந்தைப் பூவில் பெரும்பங்கு அந்த நாட்களில் எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போகும். அத்தப்பூக் கோலத்துக்குக் கேந்தியும் வாடாமல்லியும் மூட்டை மூட்டையாக லாரி ஏறும். மதினியின் மூன்று கிலோக் கணக்கு அங்கே கவிழ்ந்தது. விடியற்காலம் அண்ணனும் நானும் தோவாளையில் நின்றபோது, அவள் சொன்ன விலையைக் கேட்டு வியாபாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூவைப் பாதியாகக் குறைத்தோம். மாலை மட்டும் குறைக்கவில்லை. அரளியும் நொச்சி இலையும் மடித்துக் கட்டும் மாணிக்க மாலை அந்த ஊர்க்காரர்களின் கை; 2025-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பூ மடிந்து மடிந்து ரத்தினம் பதித்த பட்டை மாதிரி விழும். அதை நாங்கள் வீட்டில் முயன்றிருந்தால் பூவுக்கு அவமானம்.

பூவில் குறைத்ததை இலையில் ஈடுகட்டினோம். மாவிலை, பிறகு நெட்டிலிங்கம். எல்லோரும் அசோக மரம் என்று தப்பாகச் சொல்வார்களே, பள்ளிக்கூடக் காம்பவுண்டு ஓரம் ஒட்டடைக்கம்பு மாதிரி நிற்குமே, அது. இலை நீளம், ஓரம் நெளிநெளி, பளபளப்பு. ஒருநாள் முழுக்கத் தாங்கும்.

முதல் நாள் மாலை மண்டபத்தில் நுழைந்தால் மேலாளர் சுவரைக் காட்டினார். ஆணி அடிக்கக் கூடாது, டேப் ஒட்டக் கூடாது, பெயின்ட் போகும். வெளி டெக்கரேசன் என்றால் தனிக் கட்டணம். “இது டெக்கரேசன் இல்ல, எங்க பெரியப்பா” என்றான் அண்ணன். அந்த வாதம் எடுபட்டது. ஆணி எடுபடவில்லை. சவுக்குக் கம்பு நட்டு, குறுக்கே மூங்கில் கட்டி, அதில் ஓலைகளைக் கயிற்றால் பிணைத்தோம். அது இரண்டு மணி நேரத்தைத் தின்றது.

பத்து மணிக்குத் தோரணத்துக்கான தென்னங்குருத்து வந்தது. ஈரச் சாக்கில் சுற்றி, வெயில் காட்டாமல். விரியாத குருத்து சந்தன நிறத்தில் இருக்கும், தொட்டால் குளிரும். இரண்டே குருத்துதான் வாங்கினோம். ஒன்றில் இருநூறுக்கு மேல் ஓலை. தோப்புக்காரர் ஒரு மரத்தில் ஒன்றுக்கு மேல் தரமாட்டேன் என்றுவிட்டார், மரம் சோர்ந்துவிடுமாம். பெரியப்பா பலகையில் உட்கார, நாங்கள் பதினோரு பேர் அவரைச் சுற்றி உட்கார்ந்தோம். ஓலையை ஈர்க்கிலிருந்து கிழித்து, மேல் முனையைக் கயிற்றில் மடக்கி, ஈர்க்குத் துண்டையே ஊசியாகச் செருக வேண்டும். ஸ்டேப்ளரை எடுத்த பையனின் கையில் தட்டினார். கீழ்ப்பக்கம் கீறி மடக்கினால் குருவி. அது பார்க்கும் திசையிலும் எண்ணிக்கையிலும் மங்கலம், அமங்கலம் உண்டு. நான் செய்த முதல் நாலையும் அவர் வாங்கிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் பிரித்துப்போட்டார். ஐந்தாவதைத் தொங்கவிட்டார்.

வாசலில் மாக்கோலம் போட உட்கார்ந்த மதினிக்கு டைல்ஸ் தரை ஒத்துழைக்கவில்லை. சிமென்ட் தரையென்றால் அரிசிமாவை உறிஞ்சி, காய்ந்தபிறகு வெளுத்து எழும். வழவழத் தரையில் மாவு மேலேயே நிற்கும், நாலு கால் பட்டால் உதிரும். மூன்று முறை போட்டுத் துடைத்துவிட்டு, வெளியே படிக்குக் கீழே மண்ணில் சாணம் தெளித்துப் போட்டாள். ஒன்றரை மணி. கல்யாணப் பெண் மருதாணிக் கையைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்து, “போய்ப் படுங்கம்மா, நாளைக்கு போட்டோல கண்ணு வீங்கியிருக்கும்” என்றாள். மதினியின் கண் போட்டோவில் வீங்கித்தான் இருக்கிறது. ஆல்பத்தில் நாங்கள் எல்லோரும் தூக்கக் கலக்கத்தில் சிரிக்கிறோம். வாடுகிறவற்றில் மனிதர்களையும் நோட்டில் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை.

செலவு? வீணான காகிதச் சாமானையும் சேர்த்து, மாலையைத் தனியே வைத்து, ரூ.27,400. அதில் கூலி மட்டும் பதினோராயிரத்துக்குக் கிட்டத்தில். மிச்சம் என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்கிறான். மதினியிடம் மட்டும் சொல்வதில்லை.

கல்யாணத்தன்று மத்தியானமே குருத்து பழுக்கத் தொடங்கிவிட்டது. தாலி கட்டும் நேரத்துக்கு அது சந்தன நிறத்தில் இருந்தது, அது போதும். மூன்று மணிக்கு மேலாளர் வந்து குப்பை அள்ளத் தனியாக ரூ.1,500 கேட்டார். அலங்காரக்காரர்கள் என்றால் பிளாஸ்டிக்கைக் கழற்றி வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்களாம். நாங்கள்தான் இலையும் தழையுமாகப் போட்டுவிட்டோமாம். அண்ணன் கொடுத்தான். ரசீது எழுதுவதற்குள் கூட்டுகிற அக்கா வாழையிலையையும் மாவிலையையும் அள்ளிப் பழைய சேலையில் மூட்டை கட்டியிருந்தாள். வீட்டில் மூன்று ஆடு இருக்கிறதாம். மூட்டையைத் தலையில் ஏற்ற நான்தான் ஒரு கை கொடுத்தேன். போகும்போது திரும்பி, “இந்த மாரி கல்யாணம் அடுத்து எப்பம்மா வருது?” என்று கேட்டாள்.